ஃப்ரீவீல் போட்ட ஒற்றைச் சக்கர சைக்கிள்: செய்வதும் ஓட்டுவதும்

பழைய சைக்கிள் சாமான்களை வைத்து ஃப்ரீவீல் (முன்னால் மிதித்தால் மட்டும் சக்கரத்தைப் பிடிக்கும் பல்சக்கரம்) உள்ள ஒற்றைச் சக்கர சைக்கிளை வீட்டிலேயே செய்ய முடியுமா, பின்னால் மிதிக்க வழியில்லாத வண்டியில் எப்படித் தடுமாறாமல் இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஓட்டவும் செய்யலாம். நான் காரைக்குடியில் ஒன்று செய்து, கானாடுகாத்தான் தெருக்களில் இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இரும்பை அறுக்க ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். அது பதியாவிட்டால் வண்டி எவ்வளவு அழகாக அமைந்தாலும் ஓட்ட வராது.

சர்க்கஸில் பார்க்கும் ஒற்றைச் சக்கர சைக்கிளில் கிராங்க் (பெடல் மாட்டும் கை) நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கும். பழைய காலத்துப் பெரிய முன்சக்கர சைக்கிளிலும் இப்படித்தான். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். சின்ன வயதில் துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்களே, அதே கணக்குதான் இங்கேயும். உடம்புதான் குச்சி, சக்கரம்தான் உள்ளங்கை. உடம்பு முன்னால் சாய்ந்தால் அழுத்தி மிதித்துச் சக்கரத்தை அடியில் கொண்டுவருகிறோம். பின்னால் சாய்ந்தால் பெடலை எதிர்த்து அழுத்துகிறோம்; சக்கரம் தயங்கும், உடம்பு முன்னேறி நேராகிவிடும். ஓட்டுகிற நேரம் முழுக்க இந்த இரண்டும் மாறி மாறி நடக்கும்.

ஃப்ரீவீல் போட்டவுடன் இதில் பாதி போய்விடுகிறது. முன்னால் மிதிப்பது மட்டும் மிச்சம். பின்னால் மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றும், சக்கரத்துக்கு ஒன்றும் தெரியாது. போன பாதியைத் தரக்கூடியது பிரேக் ஒன்றுதான். சாதாரண சைக்கிளில் பிரேக் வண்டியை நிறுத்த. இந்த வண்டியில் அது விழாமல் இருக்க. காலால் செய்த வேலையில் பாதியை இனி ஒரு விரல் செய்யப்போகிறது. அதனால்தான் கேட்கிற எல்லோரிடமும் பிரேக்கை முதலில் முடிவு செய்யுங்கள், சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் இருக்கும் கம்பி பிரேக் இதற்கு உதவாது. கேபிளை இழுத்தால் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி-பிரேக் வேண்டும். 20 இன்ச் சிறுவர் சைக்கிள்களில் அது வருகிறது. காயலான் கடையில் தேடினால் பிரேக் மாட்டும் முளைகளோடு போர்க்கே (சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவை) கிடைக்கும். ரிம் அலுமினியமாக இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். ஐப்பசி மழையில் ஒரு தடவை நனைந்து பார்த்தால் போதும், இரும்பு ரிம் ஆசையே போய்விடும். பிரேக் பிடியை சீட்டின் மூக்குக்கு அடியில், நான்கு விரலால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் இழுக்கிற இடத்தில் வையுங்கள்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். லேசாகத் தொட்டதும் கவ்விக்கொண்டால் முகம் குப்புற விழுவீர்கள். இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக வேண்டும். ரிம்மில் கோட்டம் இருந்தால் இது நடக்காது. இரண்டு மில்லிமீட்டர் கோட்டம் இருந்தாலே சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கட்டையில் ஒரு இடத்தில் தட்டும்; சாதாரண சைக்கிளில் தெரியாத அந்தத் தட்டல் இங்கே இடுப்பில் தெரியும், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும். சைக்கிள் கடையில் உட்கார்ந்து நன்றாகப் பெண்டு எடுத்து வாங்குங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

சக்கரம் 20 இன்ச் போதும். ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நடக்கிற வேகம்தான். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேகம் கிடையாது. 28 இன்ச் பெரிய சக்கரத்தில் அதே மிதிக்கு 8 கி.மீ. வரை வரும், அது கை பழகிய பிறகு.

செய்ய இரண்டு வழி உண்டு. லேத் (கடைசல் இயந்திரம்) வேலையே வேண்டாம் என்றால் சங்கிலி வழி. சக்கரத்துக்கு மேலே பெடல் அச்சை வைத்து, அங்கிருந்து சங்கிலியை நேர் கீழே ஃப்ரீவீலுக்கு இறக்குவது. நான் முதலில் செய்தது இதுதான். ஆனால் சைக்கிளில் இருந்த 44 பல் செயின் வீலை அப்படியே 18 பல் ஃப்ரீவீலோடு கோர்த்துவிட்டேன். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று ஓடியது. முதல் மிதியிலேயே வண்டி முன்னால் போய்விட்டது, நான் பின்னால் விழுந்தேன். மேலும் கீழும் 18 பல் போட்டு ஒன்றுக்கு ஒன்று ஆக்கிய பிறகுதான் உட்காரவே முடிந்தது. உயரமும் கூடிவிடும், ஏறுவதற்கு ஒரு திண்ணை வேண்டும். அதனால் சங்கிலி வழியை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை.

இரண்டாவது, அச்சிலேயே ஃப்ரீவீலை வைப்பது. இதற்கு லேத் பட்டறைக்காரர் ஒருவர் துணை வேண்டும். தடிமனான ஒரு அச்சு. நடுவில் 25 மி.மீ., பேரிங் உட்காரும் இடங்களில் 20 மி.மீ. முனைகளைக் கிராங்கின் கண்ணுக்குப் பொருந்தக் கடைந்து, கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னுக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். வாயால் அளவு சொல்லாதீர்கள், கிராங்கையும் ஃப்ரீவீலையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். 6004 பேரிங் நான்கு வாங்குங்கள். உள் விட்டம் 20 மி.மீ., வெளி விட்டம் 42, அகலம் 12. இரண்டு பேரிங் ஹப் குழாய்க்குள், அதாவது சக்கரத்தின் நடுக் குழாய்க்குள் போகும், அவற்றின் மேல் சக்கரம் சுற்றும். மற்ற இரண்டும் போர்க்கின் கால் முனைகளில், அவற்றுக்குள் அச்சு சுற்றும். உங்கள் எடை முழுவதையும் இந்த நான்கும்தான் சுமக்க வேண்டும். ஃப்ரீவீல் மேல் எடை ஏறினால் அது சில வாரத்தில் ஆடத் தொடங்கிவிடும்.

ஃப்ரீவீல் உட்கார, அச்சில் ஒரு காலர் (தடித்த வளையம்) வேண்டும், அதில் ஃப்ரீவீலின் மரை இருக்க வேண்டும். அந்த மரை 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. புதிதாக வெட்டுவதைவிட, பழைய பின்சக்கர ஹப்பில் ஃப்ரீவீல் திருகும் பகுதியை அறுத்தெடுத்து, உள்ளே கடைந்து, தனியாகச் சுற்றாதபடி அச்சில் சாவி வெட்டி உட்கார வைப்பது சுலபம், மலிவும்கூட. ஃப்ரீவீலின் பல் பகுதியை ஒரு தட்டின் வழியாக ஹப் குழாயோடு போல்ட் போட்டு இணைக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு அரை நாள் போனது. வழக்கமான பழக்கத்தில் ஃப்ரீவீலை வலது பக்கம், முகம் வெளியே பார்க்க மாட்டினேன். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலை முன்னால் சுற்றினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது, சக்கரம் அசையவில்லை. பின்னால் சுற்றினால் இழுத்துக்கொண்டு ஓடியது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. சாதாரண சைக்கிளில் சங்கிலி வெளிப் பல்லை இழுக்கிறது, பல் உள்வளையத்தைத் தள்ளுகிறது, உள்வளையம் சக்கரத்தைச் சுற்றுகிறது. நம் வண்டியில் அச்சு உள்வளையத்தைச் சுற்றுகிறது, அது வெளிப் பல்லைத் தள்ள வேண்டும். வேலை தலைகீழாகிவிட்டதால் ஃப்ரீவீலும் திரும்ப வேண்டும். இடது பக்கம், முகம் வெளியே பார்க்க மாட்டுங்கள். மரை கழன்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தப் பக்கத்திலும் மிதிக்க மிதிக்க இறுகத்தான் செய்யும்.

பல் பகுதியில் தட்டை வெல்டிங் செய்வதானால் ஃப்ரீவீலைப் பிரித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். பிரிக்காமல் வைத்தால் சூட்டில் ஸ்பிரிங்கின் முறுக்கு போய்விடும். முகத்தில் இரண்டு சிறு குழிகளோடு ஒரு மூடி தெரியும். அது இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். மூடியை எடுக்கும் முன் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். நான் வளவில் (வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தூண் வரிசைத் தாழ்வாரம்), ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்து வெறுமனே திறந்தேன். மூடி எழுந்ததும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள் பொலபொலவென்று கொட்டி, அந்த வழவழப்பில் தூண் தூணாக ஓடின. எட்டில் ஒரு இன்ச் குண்டுகள் அவை. ஆத்தா முறத்தைக் கொண்டுவந்து பெருக்கி எடுத்துக்கொடுத்தார்கள், அப்படியும் ஏழு கிடைக்கவில்லை, கடையில் புதிதாக வாங்கிப் போட்டேன். உள்ளே பல்லில் மாட்டுகிற சின்னக் கொக்கிகளும், அவற்றைத் தூக்கிப் பிடிக்கிற முடி மாதிரியான ஸ்பிரிங்கும் இருக்கும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் தொடுங்கள்.

ஃப்ரீவீல் வாங்கும்போது கடையிலேயே கையில் வைத்து ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை டிக் கேட்கிறது என்று எண்ணுங்கள். டிக் அதிகம் என்றால் பெடல் சீக்கிரம் பிடிக்கும். குறைவு என்றால் மிதித்த கால் கொஞ்ச தூரம் வெறுமையில் போய்த் திடீரென்று பிடிக்கும். இரண்டு சக்கரத்தில் யாரும் கவனிக்காத அந்தக் கொஞ்ச தூரம் இங்கே பெரிய குழி.

இன்னொன்றைப் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள். ஹப் குழாயின் நடுவில் மரையோடு ஒரு ஓட்டை, அதற்கு நேராக அச்சில் 5 மி.மீ. ஆழக் குழி. அதில் 8 மி.மீ. ஹைடென்சில் போல்ட்டை இறுக்கினால் அச்சும் ஹப்பும் ஒன்றாகிவிடும், வண்டி சாதாரண ஒற்றைச் சக்கர சைக்கிளாகிவிடும். போல்ட்டை எடுத்தால் ஃப்ரீவீல். இதன் அருமை ஓட்டக் கற்கும்போது தெரியும்.

சீட்டுக்கு சைக்கிள் சீட் சரிவராது, நழுவும். முன்னும் பின்னும் மேலே வளைந்து, நடுவில் பள்ளமாக, தோணி மாதிரி இருக்க வேண்டும். தகட்டை வளைத்து ஸ்பாஞ்ச் வைத்து, ஆட்டோ சீட் தைப்பவரிடம் ரெக்சின் போட்டு வாங்கலாம். உயரம், பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள்கிற அளவு. இடது பெடலுக்கு இடது மரை, வலதுக்கு வலது மரை. வண்டியைத் திருப்பி வைத்து ஓட்டினால் பெடல் கழன்று விழும். அதனால் போர்க்கில் முன்பக்கம் எது என்று பெயிண்டால் ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள்.

இனி ஓட்டுவது. முதல் ஒரு மாதம் போல்ட்டைப் போட்டே ஓட்டுங்கள். முன் பின் இரண்டு பக்கமும் காலுக்குப் பிடி இருக்கும்போது உடம்பு சமநிலையைக் கற்றுக்கொள்ளும். நேரே ஃப்ரீவீலில் ஏறிக் கற்றவர்கள் இருக்கலாம், நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். இந்த மாதத்தில் காட்டர் பின்களைத் தினமும் தட்டிப் பாருங்கள், முன்னும் பின்னும் விசை மாறுவதால் தளரும்.

கற்றுக்கொள்ள நம் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது என்பேன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று கட்டிய வீடுகள். இடையில் பக்கச் சுவர் நூறு அடிக்கு மேல் ஒரே நீட்டாக ஓடும். அந்தச் சந்தில் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு போய் வந்தால் போதும். பழைய சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவராகப் பாருங்கள், சிமெண்டில் உள்ளங்கை தேய்ந்துவிடும். பல வீடுகள் பூட்டித்தான் இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நான் பழகிய சந்தில் எதிர்த் திண்ணை ஆச்சி தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, சுவரிலிருந்து கையை எடுத்து எத்தனை சன்னல் தாண்டினேன் என்று எண்ணிச் சொல்வார்கள். பதினெட்டாம் நாள் ஐந்து சன்னல்.

கையை எடுத்து ஐம்பது மீட்டர் போக வந்துவிட்டால், போல்ட் இருக்கும்போதே பிரேக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதித்துக்கொண்டே லேசாக பிரேக்கை இழுத்து, அதை எதிர்த்து மிதித்துப் போவது. இதுதான் சூட்சுமம். அப்புறம் போல்ட்டை எடுத்துவிட்டு அதையே செய்யுங்கள். பிரேக் கொஞ்சம் பிடித்தபடி, கால் கொஞ்சம் மிதித்தபடி இருந்தால் ஃப்ரீவீல் எப்போதும் பிடிப்பிலேயே இருக்கும், வெறுமை வராது. பின்னால் சாய்கிற மாதிரி தெரிந்தால் விரலை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். முன்னால் சாய்ந்தால் விரலைத் தளர்த்தினாலே போதும், மிதிக்கிற கால் சக்கரத்தை முன்னால் தள்ளிவிடும். கால் ஒரே சீராக மிதிக்க, சமநிலை முழுவதையும் விரல் பார்த்துக்கொள்ளும். எனக்கு இது பிடிபட ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் காலையில் திடீரென்று இடுப்பு நிமிர்ந்து, தோள் இறங்கிப் போனது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பக்கவாட்டுச் சமநிலையில் மாற்றம் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இடுப்பைத் திருப்பி வண்டியை வளைக்க வேண்டியதுதான்.

ஏறுவது கொஞ்சம் வேறு. சாதாரண ஒற்றைச் சக்கரத்தில் பின்பக்கம் இருக்கும் பெடலை மிதித்து ஏறுவார்கள். இங்கே அதை மிதித்தால் பெடல் அப்படியே கீழே போய்விடும், கால் தரையில் இடிக்கும். முன்பக்கப் பெடலைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, பிரேக்கை முழுதாக இறுக்கி, அந்தப் பெடலில் எடையைப் போட்டு எழும்புங்கள். பிரேக் பிடித்திருக்கும்வரை அது படிக்கட்டு மாதிரி நிற்கும். இன்னொரு கால் பெடலைத் தொட்டதும் பிரேக்கை விட்டு மிதிக்க வேண்டும். முதலில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள்.

குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் கற்றவர்களுக்கு அரைப் பெடல் ஞாபகம் இருக்கும். ஒரு மிதி, திரும்ப மேலே கொண்டுவந்து மறுபடி ஒரு மிதி. அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது. போகப் போகப் பெடலைப் பின்னால் சுற்றி, உங்களுக்கு வாகான காலை முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஒற்றைச் சக்கரத்தில் இது நடக்கவே நடக்காது.

மிதிக்காமல் உருண்டு போவதற்குத்தான் இவ்வளவும். பெடல் இரண்டையும் சமமாக, தரைக்கு இணையாக வைத்து, சீட்டில் எடையைப் போட்டு, விரலை பிரேக்கில் வையுங்கள். முதலில் அரைச் சுற்று, அப்புறம் ஒரு சுற்று என்று கூட்டிக்கொண்டு போங்கள். உருளும்போது கால் உதவாது, முன்னால் சாயாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்த நிலையிலேயே இருந்து விரலால் சரிசெய்துகொள்ள வேண்டும். முன்னால் விழப்போகிறீர்கள் என்றால் உடனே மிதியுங்கள். உண்மையைச் சொன்னால் நம் ஊர் சமதரை. உருள்வதற்குச் சரிவு குறைவு. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும் பாதைதான் எனக்குக் கிடைத்தது. நாற்பது மீட்டர்கூட இருக்காது. ஆனால் கரைமேல் நின்று, கீழே பார்த்து, விரலைத் தளர்த்தினால், ஃப்ரீவீல் சத்தம் மட்டும் கேட்க, கால் அசையாமல் இறங்குகிற அந்தச் சில நொடிகளுக்காகத்தான் லேத் பட்டறைக்கு அத்தனை நடை நடந்தேன். சமதரையிலும் நாலு மிதி மிதித்து இரண்டு மீட்டர் உருளலாம், அது பழக்கத்தில் வந்துவிடும்.

ஓடி நிறுத்திக்கொள்ள முடியாத வேகத்தில் எப்போதும் இறங்காதீர்கள். வண்டி நழுவினால் இரண்டு காலில் குதித்து ஓட வேண்டியிருக்கும். ஓட முடியாத வேகம் என்றால் தரையில் விழுந்து உருள வேண்டியிருக்கும். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள், கையைத்தான் முதலில் ஊன்றுவோம். செம்மண் சரளை கிடக்கும் இடத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். ஆத்தங்குடிக் கல் போட்ட ஹாலில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பிரேக் கேபிளைத்தான் தினமும் பார்க்க வேண்டும். பிடியின் முனையில் கேபிள் குமிழ் இருக்குமே, அந்த இடத்தில்தான் இழை இழையாக அறும். ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு ஓட்டாதீர்கள், கேபிள் விலை ஒன்றும் பெரிதில்லை. ஃப்ரீவீலுக்கு கிரீஸ் அடைக்காதீர்கள். கொக்கிகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் போனால் மிதிக்கிற கால் வெறுமையில் இறங்கிவிடும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு, மாதம் ஒரு தடவை போதும். அச்சைக் கடையக் கொடுக்கும் முன் உங்கள் கிராங்கின் கண் அளவையும் போர்க்கின் அகலத்தையும் எழுதி அனுப்புங்கள், ஹப் குழாயின் நீளம் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.